வெட்டிய மலையும் கீழே ஓடிய மண்ணும்

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெய்த மழையில் எங்கள் பின்சந்துச் சாக்கடை சிவப்பாக ஓடியது. இங்கே சாக்கடையை லொங்காங் என்போம். கோலாலம்பூரில் மழைக்குக் குறைவே இல்லை. மூன்று மணிக்கு வானம் கறுத்தால் மூன்றரைக்குள் தெரு முழங்கால் ஆழம். அதெல்லாம் பழகிப்போயிற்று. ஆனால் அன்று தண்ணீர் வடிந்த பிறகு லொங்காங்கில் நான்கு விரல் கனத்துக்குச் சேறு நின்றது. அடுத்த வீட்டு அம்மாள் கொடியிலிருந்து விழுந்த வேட்டியை எடுத்துக் காட்டினாள். காவி கட்டின சாமியார் வேட்டி மாதிரி ஆகியிருந்தது.

ப்ரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் சந்துக்குப் பின்னால் சிறு குன்று ஒன்று உண்டு. ரயில்வேக்காரர்களுக்குப் புது வீடுகள் கட்ட அதை ஒரு மாதமாக வெட்டுகிறார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரு புல் மிச்சமில்லாமல் சுரண்டி வைத்திருந்தார்கள். இதே காரியத்தை இதே ஊரில் நானே ஆட்களை வைத்துச் செய்திருக்கிறேன்.

சாயங்காலம் என் மகன் நடராஜன் வேலையிலிருந்து வந்தான். அவன் அரசாங்க ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களுக்கும் ரோடுகளுக்கும் பிளான் வரைகிற வேலை. விஷயத்தைச் சொல்லி, ஆபீஸுக்கு ஒரு புகார் எழுதித் தருகிறேன் என்றேன்.

"எழுதுங்கப்பா. ஆனா ஃபாரம் இருக்கு, அதுலதான் எழுதணும். மூணு காப்பி வேணும். அது ரெண்டு மூணு மேசை சுத்திட்டுக் கடைசியில எங்கிட்டதான் வரும் லா."

"உங்கிட்ட ஏன் வரணும்?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னான். "அந்த மலை பிளான் நான் வரைஞ்சதுதான்."

"வெட்டின மண்ணு மழையில எங்க போகும்னு பிளான்ல போட்டிருக்கியா?"

"அதைப் போடுற வழக்கம் இல்லப்பா."

ராத்திரிச் சாப்பாடு ஆனதும் இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருக்கிற உங்களுக்கு மலாய் நாட்டைப் பற்றி எழுதுங்கள் என்று பத்திரிகை நண்பர் கேட்டு எத்தனையோ மாதமாகிறது. ரப்பரைப் பற்றியும் ஈயத்தைப் பற்றியும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சேற்றைப் பற்றி எழுதுகிறேன்.

2

என் தகப்பனார் காவிரியின் கிளை வாய்க்கால் ஒன்றின் தலைமதகில் லஸ்கராக இருந்தார். கதவை ஏற்றுவது, இறக்குவது, கரையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மதகை ஒட்டியே எங்கள் வீடு. ஆனி கடைசியில் முதல் புதுத் தண்ணீர் வரும்போது அதன் நிறத்தைப் பார்க்கவே பாலத்தில் கூட்டம் கூடும். "செவப்பா வருது, செவப்பா வருது" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வார்கள். தண்ணீரில் வண்டல் எவ்வளவுக்கு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு வயலுக்கு நல்லது.

கரை அரித்தால் அப்பா நாணலை வெட்டித் தட்டியாகப் பின்னுவார். முளையடித்து அந்தத் தட்டியைத் தண்ணீரின் வேகத்துக்குக் குறுக்கே சாய்த்து வைப்பார். தண்ணீர் அதில் மோதி நிதானிக்கும். நிதானித்த இடத்தில் மண்ணைப் போட்டுவிட்டு மேலே போகும். ஒரு வாரத்தில் தட்டிக்குப் பின்னால் புதுக் கரை தானாக நிற்கும். நான் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன். அது ஒரு வித்தை என்றே அப்போது தோன்றவில்லை.

மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது பாரம் வரைக்கும் படித்தேன். பத்தொன்பதாவது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இங்கே காண்ட்ராக்டராக இருந்தார். துறைமுகத்துக்கே ஆள் அனுப்பி என்னை அழைத்துவந்து தம் வீட்டில் பத்து நாள் வைத்துச் சோறு போட்டார். எனக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் இரண்டாவது வருஷமே மண்டோர் ஆக்கிவிட்டார். மண்டோர் என்றால் நம் ஊர் மேஸ்திரி. ஐம்பது பேர் எனக்குக் கீழே. பாதிக்கு மேல் பெண்கள், மண் சுமக்கிறவர்கள்.

3

அவருக்குக் கிடைத்த குத்தகை, ப்ரிக்ஃபீல்ட்ஸின் ஓரத்தில் ஒரு குன்றைப் படிப்படியாக வெட்டிச் சமன்செய்து கொடுப்பது. குன்று முழுக்க லாலாங் புல் ஆள் உயரத்துக்கு நின்றது. வேலை தொடங்கிய அன்றே காண்ட்ராக்டர் சொன்னார்: "மழைக்கு முன்னாடி மொத்தத்தையும் சுத்தம் பண்ணிடு. துண்டு துண்டாச் செஞ்சா நாள் இழுக்கும்."

"அடியில ஒரு பட்டை புல்லை விட்டு வைக்கலாமுங்களா? மண்ணைத் தடுக்கும்" என்றேன்.

"புல்லு வளக்கவா குத்தகை எடுத்தோம்?" என்றார்.

நான் ஒரு முறைதான் சொன்னேன். இரண்டாவது முறை சொல்லவில்லை. ஒரு வாரத்தில் குன்றை மொட்டையடித்தோம்.

குன்றுக்குக் கீழே ஆ லியோங் என்ற சீனர் கீரையும் முள்ளங்கியும் போட்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காவடியில் இரண்டு வாளித் தண்ணீரைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் பாத்தி வரப்பில் ஓடுவார். அவர் மனைவி சந்தைக்குக் கீரையைக் கட்டுவாள். அந்தப் பாத்திகளைப் பார்த்தால் யாரோ சீப்பால் வாரி வைத்த மாதிரி இருக்கும்.

முதல் பெருமழை ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு வந்தது. நாங்கள் கொட்டகையில் ஒதுங்கி நின்றோம். மேல்படியில் கொட்டியிருந்த தளர்மண் முதலில் கரைந்தது. அப்புறம் சரிவு முழுக்க விரல் அகலத்தில் ஓடைகள், அவை சேர்ந்து கை அகலம், பிறகு வாய்க்கால். ஒரு மணி நேரத்தில் மழை விட்டது. கீழே எட்டிப் பார்த்தால் பாத்தி ஒன்றையும் காணோம். தட்டையாக, பளபளவென்று, சிவப்பாக ஒரே சேறு. ஓரத்தில் இரண்டு வரிசைக் கீரையின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

ஆ லியோங் ஒரு கூடையில் அந்தச் சேற்றை அள்ளிக்கொண்டு குன்றேறி வந்தார். என் காலடியில் கொட்டினார். "இனி தானா, லூ புஞா தானா" என்றார்.

எனக்கு அப்போது மலாய் அரைகுறை. ஒரு சீனர் தமிழில் "இனிதானா?" என்று கேட்கிறார் என்றே என் காதில் விழுந்தது. இனிமேல்தான் கவனிக்கப் போகிறாயா என்று கேட்கிறாராக்கும்! நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாங்க, இனிமே பார்த்துச் செய்யறேன்" என்று தமிழிலேயே பதில் சொன்னேன். அவர் என்னை விழித்துப் பார்த்துவிட்டு வெறும் கூடையோடு இறங்கிப் போனார். 'இனி' என்றால் 'இது', 'தானா' என்றால் மண் என்று பக்கத்தில் நின்றவர்கள் அப்புறம்தான் சொன்னார்கள். 'இந்த மண் உன் மண்' என்று அவர் சொல்லியிருக்கிறார். இரண்டு அர்த்தமும் எனக்குப் பொருந்தித்தான் இருந்தது.

4

மறுநாளே அரசாங்க ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். சரிவின் அடியில் தட்டி அடித்து, அதற்குக் கீழே பெரிய குழி ஒன்று வெட்ட வேண்டும், சேற்றுத் தண்ணீர் குழியில் தங்கித் தெளிந்து வெளியே போகும், அனுமதி வேண்டும். வண்டல் குழிக்கு இங்கிலீஷில் 'சில்ட் பிட்' என்று எங்கேயோ படித்த ஞாபகம். எழுதும்போது சில்ட்டின் கடைசி எழுத்து மாறிப்போய் சில்க் ஆகிவிட்டது. நான் கவனிக்கவில்லை.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பட்டுக் குழி எதற்கு என்று விளக்க வேண்டும்; பட்டுப்பூச்சி வளர்ப்பது இந்த இலாகாவின் வேலையல்ல; விவசாயம் சம்பந்தப்பட்டவர்களை அணுகவும். அந்தப் பதினெட்டு நாளில் ஆறு மழை பெய்து முடிந்திருந்தது. இன்றைக்குச் சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இதற்குள் ஆ லியோங் யாரையோ பிடித்து மேலிடத்தில் முறையிட்டுவிட்டார். விசாரணைக்கு ஒரு துரை வரப்போவதாகச் சேதி. காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். தட்டச்சடித்த ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். கீரைத் தோட்டத்தில் விழுந்தது ஆற்றின் மேல்பக்கம் ஈயம் தோண்டுகிற குட்டைகளிலிருந்து வெள்ளத்தில் வந்த மண், குன்றிலிருந்து ஒன்றும் போகவில்லை என்று அதில் இருந்தது.

"நீதான் எடத்துல இருக்கிற ஆளு. நீ கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்" என்றார். பிறகு குரலை இறக்கி, "உன் சம்சாரம் அடுத்த கப்பல்ல வருதாமே? ரெண்டு அறை உள்ள வீடு ஒண்ணு காலியா இருக்கு. வச்சிருக்கச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அவர் வீட்டில் பத்து நாள் தின்ற சோறு ஞாபகம் வந்தது. என் மனைவி வள்ளி கப்பலில் இருந்தாள். கையெழுத்துப் போட்டேன். பேனா தயங்கவே இல்லை. அதைத்தான் இத்தனை வருஷமும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

5

துரை வந்த அன்று அவருடைய மொழிபெயர்ப்பாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். இங்கிலீஷ் தெரிந்த தமிழன் அங்கே நான் ஒருவன்தான். "நீயே சொல்லு" என்றார் துரை. காண்ட்ராக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

துரைக்கு மலாய் தெரியும். அதனால் ஆ லியோங்கோடு அவரே பேசினார். என் கையெழுத்துள்ள காகிதத்தைப் படித்து, அதில் இருப்பதைக் கூலிகளுக்கும் தமிழில் சொல்லச் சொன்னார்; சொன்னேன். கடைசியில் பேருக்குக் கேட்பதுபோல, "கூலிகளில் யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

முனியம்மா என்றொரு பெண் முன்னால் வந்தாள். சேலம் பக்கத்துக்காரி. நாற்பது வயதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். மண் சுமக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி மாதிரி. தலையிலிருந்த கூடையைத் துரையின் பூட்ஸுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

"தொரை, ரெண்டு மாசமா இந்த மலைய நான் தலையில சொமக்கிறேன். இதோட நெறம் எனக்குத் தெரியாதா? ஈயக் குட்டை மண்ணு வெளுப்பா, மணலாட்டம் இருக்கும், கையில ஒட்டாது. கீரைக்காரரு பாத்தியில கெடக்கிறது என் கூடையில இருக்கிற இந்த மண்ணு. தொட்டுப் பாருங்க."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். காண்ட்ராக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்தவில்லை.

"அந்தக் காயிதத்துல இருக்கிறது பொய்யி. கையெழுத்துப் போட்ட மண்டோருக்கும் அது பொய்யின்னு தெரியும்."

துரை என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறாள்?" என்றார்.

அங்கே ஐம்பது பேர் நின்றார்கள். ஒருவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. காண்ட்ராக்டருக்கும் நாலு வார்த்தைதான் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அதுதான் அவள் சொன்னது.

"அந்தக் காகிதத்தில் இருப்பது பொய் என்கிறாள். கையெழுத்துப் போட்ட மண்டோருக்கும் அது தெரியும் என்கிறாள்."

"எந்த மண்டோர்?"

"நான்தான், ஐயா."

"அவள் சொல்வது உண்மையா?"

"உண்மை, ஐயா."

துரை குனிந்து கூடையிலிருந்து ஒரு பிடி, கீழே பாத்தியிலிருந்து ஒரு பிடி எடுத்து இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் என்னவோ எழுதினார். போகும்போது மட்டும் என்னைப் பார்த்து, "பட்டுக் குழி கேட்டு எழுதினவன் நீதானா?" என்றார்.

அன்று சாயங்காலமே, குழி வெட்டிப் புல் பதிக்க வேண்டும் என்ற துரையின் உத்தரவு கைக்கு வந்ததும், காண்ட்ராக்டர் இரண்டு பேரைப் பதிவிலிருந்து வெட்டினார். ஒன்று என் பேர். இன்னொன்று முனியம்மாவுடையது. நான் அவளைத் தேடிக்கொண்டு கூலிகளின் கொட்டகைக்குப் போனேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "முனியம்மா" என்று கூப்பிட்டேன். என் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள். முதலில் போட்ட கையெழுத்துக்காகக் கோபம் என்று நினைத்துத் திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காலை ரயிலில் அவள் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

6

இரண்டு அறை வீடு போயிற்று. கப்பலிலிருந்து இறங்கிய வள்ளியை நான் அழைத்துப்போனது ஆ லியோங்கின் தோட்டத்து மூலையில் இருந்த ஓலைக் குடிசைக்கு. அவராகவே கொடுத்தார். துரையின் உத்தரவுப்படி குழி வெட்டவும் புல் பதிக்கவும் என்னை அரசாங்கமே தற்காலிகமாக வைத்துக்கொண்டது. மூன்று மாதம் நடந்தது அந்த வேலை.

என் வாழ்க்கையில் எந்த நாளுக்குத் திரும்பிப் போகலாம் என்று யாராவது கேட்டால், ஊரைச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று மாதத்தைச் சொல்வேன். ஆ லியோங் மூங்கில் பிளப்பார். நான் தட்டி பின்னுவேன். வள்ளியும் அவர் மனைவியும் புல்லைச் சதுரம் சதுரமாக மண்ணோடு பெயர்த்துவந்து, சரிவில் குச்சியடித்துப் பதிப்பார்கள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. வள்ளி தமிழில் பேசுவாள், அந்த அம்மாள் சீனத்தில் பேசுவாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். மத்தியானம் எல்லோருக்கும் கஞ்சியும் உப்புக் கருவாடும். மழை வந்தால் ஆ லியோங்கும் நானும் குழிக்கரையில் குடை பிடித்து நிற்போம். சிவப்பாக உள்ளே வருகிற தண்ணீர் மறுமுனையில் தேநீர் நிறத்தில் வெளியே போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது அவர் என் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தார். அது சந்தோஷம் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

குழியில் சேர்ந்த சேற்றை வாரி அவர் சாம்பலும் எருவும் கலந்து புதுப் பாத்தி போட்டார். அந்த வருஷக் கடைசியில் நடராஜன் வள்ளியின் வயிற்றில் இருந்தபோது, அவள் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதெல்லாம் அந்தப் பாத்திக் கீரைதான். பிறகு அந்த நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஆ லியோங் அம்பாங் பக்கம் போனார்; நாளடைவில் தொடர்பு விட்டுப்போயிற்று. நான் ஆற்றங்கரை வேலையில் நிரந்தரமாகி, போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். வள்ளி இறந்து ஆறு வருஷமாகிறது.

7

இதுவரை எழுதியதை ஞாயிற்றுக்கிழமை நடராஜனுக்கு வாசித்துக் காட்டினேன். வாசித்துத்தான் காட்ட வேண்டும். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நடுவில் நிறுத்தி, "வண்டல்னா என்னப்பா?" என்று கேட்டான். காவிரித் தண்ணீரைப் பார்க்காதவனுக்கு அதை எப்படிச் சொல்வது? லொங்காங்கில் கிடக்கிற அதே சேறுதான், ஆனால் ஊரில் அதை வேண்டுமென்று கேட்பார்கள் என்றேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை.

கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் நாற்காலியில் நிமிர்ந்தான்.

"அம்மா இப்படிச் சொல்லலையே. துரை முன்னாடி நீங்க உண்மையைச் சொன்னீங்கன்னுதான் சொல்வாங்க."

"அது பிற்பாடு. மொதல்ல கையெழுத்துப் போட்டேன். உங்கம்மாவுக்கும் அது தெரியாது."

மீதியையும் வாசித்து முடித்தேன். மறுநாள் ஆபீஸ் செருப்போடு என் பின்னாலேயே எங்கள் சந்துக் குன்றுக்கு வந்தான். எங்கே தட்டி, எங்கே குழி என்று நான் காட்டக் காட்டக் கையிலிருந்த பிளானில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டான். மேலதிகாரியிடம் காட்டியிருக்கிறான். தட்டிக்கும் புல்லுக்கும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். குழிக்கு மட்டும் தனி ஃபாரமாம்; அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த முறை எழுத்துப் பிழை இல்லை, நான் பார்த்துவிட்டேன்.

"அந்த முனியம்மாவை நீங்க அப்புறம் போய்ப் பார்க்கவே இல்லையா?" என்று அவன் கேட்டான். இல்லை என்றேன். "ஏன்?" என்றான்.

அடுத்த ஞாயிறு இருவரும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். மூன்று தோட்டங்களில் விசாரித்தோம். மூன்றாவதில் கடைக்காரர் கை காட்டினார். முனியம்மா மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. நான் பேரைச் சொன்னேன், தெரியவில்லை. ப்ரிக்ஃபீல்ட்ஸ் மலை, கீரைத் தோட்டம் என்றேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"இங்கிலீசு மண்டோரா?"

"ஆமாக்கா."

"அன்னிக்குத் தொரைகிட்ட என்னத்த மாத்திச் சொன்னியோ, சாயங்காலமே எம்பேர வெட்டிட்டாங்க. எனக்கு இங்கிலீசு தெரிஞ்சிருந்தா உன்ன அங்கேயே கேட்டிருப்பேன்."

இத்தனை வருஷம் அவள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது.

"நான் மாத்தலைக்கா. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன்."

"மண்டோருக்கும் தெரியும்னு சொன்னேனே, அதையுமா?"

"அதையும்தான். எந்த மண்டோருன்னு கேட்டாரு. நான்தான்னேன்."

அவள் என்னையும், என் பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற நடராஜனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப உன்னையும் வெட்டிட்டானா அந்த ஆளு?"

"உங்க பேருக்கு மேல வரி என் பேருதான்."

முதலில் அவளுடைய தோள்தான் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இத்தன வருசமா மழ பேயிறப்பல்லாம் உன்னத் திட்டிக்கிட்டு இருந்தேனே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திட்டினது திட்டினதுதான், அத இனித் திருப்பி எடுத்துக்க முடியாது. உக்காருங்க ரெண்டு பேரும். மரவள்ளிக்கெழங்கு வெந்துக்கிட்டு இருக்கு."

நான் உட்காருவதற்கு முன்னாலேயே நடராஜன் உட்கார்ந்துவிட்டான்.